பால்குடம் கவிழ்ந்த ஆடி வெள்ளி

போன வருஷம் ஆடி வெள்ளியன்று, மர்பி டவுனில் எங்கள் தெரு நடுவில், மஞ்சள் புடவையெல்லாம் ரத்தமாக நான் விழுந்து கிடந்தேன். தூக்க ஒரு கை நீளவில்லை. அம்மனை நம்பும் அக்கா தங்கைகளே, அவள் எனக்கு உயிர் கொடுத்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இனிக்க இனிக்கச் சொல்ல எனக்கு வராது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அம்மா வீட்டு வேலை செய்து என்னை பி.காம். படிக்க வைத்தாள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆனால் மாதவிடாய் வந்தால் ரத்தம் கட்டி கட்டியாகக் கொட்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆபீஸ் நாற்காலியை விட்டு எழவே பயமாக இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாதக்கணக்கில் கெஞ்சினேன்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அந்த டாக்டர் எதுக்குடி? பாக்கறவங்க என்ன பேசுவாங்க? ஆடிக்கு பால்குடம் எடுக்கறேன்னு வேண்டிக்கோ. ஆத்தா நிறுத்திடுவா" என்றாள் அம்மா.

ஒருநாள் நானே பெண்கள் க்ளினிக்குக்குக் கிளம்பினேன். பெயர் பதியும் பெண் கூடமே அதிர, "மதுவே ஆகிதியா?" என்று இந்த ஊர் மொழியான கன்னடத்தில் கேட்டாள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று. இல்லை என்றதும் தலைகள் திரும்பின. அதில் ஒன்று எதிர்வீட்டுச் செல்வி அத்தையின் தலை. டாக்டரைப் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டேன். நான் வீடு சேருமுன் செய்தி சேர்ந்திருந்தது.

ஆடி வந்தது. பால்குடத்தன்று தீட்டாகிவிடக் கூடாதே என்று, தள்ளிப்போடும் மாத்திரை வாங்க அம்மா மெடிக்கலுக்குப் போனாள். எங்கள் தெருவில் அது வழக்கம். கடைக்காரர் "கல்யாணமா, பால்குடமா?" என்று மட்டும் கேட்பார். டாக்டர் சீட்டு கிடையாது. ரத்தப்போக்கு தீர வேண்டுதல். அந்த வேண்டுதலுக்காக ரத்தத்தை மறைக்க மாத்திரை. நன்றாகத்தான் இருந்தது எங்கள் பக்தி.

குடத்தைத் தலையில் ஏற்றியபோதே கண் இருண்டது. 'ஆத்தா, நான் சொன்னா யாரும் கேக்கல. நீயாவது சொல்லு' என்று மனதுக்குள் அழுதேன். பாதித் தெருவில், மாத்திரையையும் மீறிக்கொண்டு ரத்தம் வந்தது. நான் சாய, பால் தார் ரோட்டில் ஓடியது.

"ஐயோ, தீட்டோட குடம் தூக்கியிருக்கா! யாரும் தொடாதீங்கடி, காப்பு கட்டியிருக்கோம்!" செல்வி அத்தையின் குரல். பெண்கள் விலகினார்கள். என் அம்மாவும் ஓரடி பின்னால் போனாள். அதை மறக்கும் மனசு எனக்கு இன்னும் வரவில்லை.

முன்னால் வேப்பிலையோடு அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த முனியம்மா அக்கா திரும்பினாள். கூட்டத்தைப் பிளந்து வந்து என் தலையை மடியில் வைத்தாள்.

"எம் பொண்ணுடா இவ! என் ரத்தம்டா இது! எவடி தீட்டுன்றது? ஆட்டோவ கூப்புடு, ஆஸ்பத்திரிக்கு தூக்குடா!"

சாமி வாக்கை யார் மீறுவது? விலகிய கைகளே தூக்கின. என் காலைப் பிடித்திருந்தது செல்வி அத்தை.

கர்ப்பப்பைக்குள் கட்டி. உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்று டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார். ரத்தம் ஏற்றிப் பிறகு கட்டியை எடுத்தார்கள். கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பார்க்க வந்த முனியம்மா அக்காவிடம், "அன்னிக்கு பேசினது ஆத்தாவா, நீயா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாடி தெரியும்? இரும்புச்சத்து மாத்திர முழுங்கினியா, அத சொல்லு."

ஆத்தாதான். எனக்குச் சந்தேகமில்லை. கூப்பிட்டேன், இறங்கினாள். என் கசப்பு அவளிடம் அல்ல. படித்த மகள் மாதக்கணக்கில் சொன்னது காதில் ஏறவில்லை. சாமி ஒரு தடவை சொன்னதும் ஆட்டோ வந்தது.

இந்த ஆடிக்குப் பால்குடம் எடுப்பது என் தங்கையின் முறை. மாத்திரை வாங்கக் கிளம்பிய அம்மாவை மறித்து, இருவரையும் அந்தப் பழைய க்ளினிக்குக்கே கூட்டிப்போனேன். தங்கைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி, அம்மாவுக்கு அதே நோய்க்கான பரிசோதனை. தங்கையைப் பார்த்து அதே பெண் அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஆகலம்மா. அதுக்கு இன்னா இப்போ?" என்றாள் என் அம்மா, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

ஆத்தாவை நம்புங்கள், அவள் கைவிட மாட்டாள். ஆனால் உங்கள் மகள் வலிக்கிறது என்றால், அவள் வாயிலிருந்து வரும்போதே கேளுங்கள். அதற்கும் ஆத்தாவே இறங்கி வர வேண்டுமா?