டீச்சர் என்று கூப்பிட்டவர்

மயிலாப்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி. பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். நாலைந்து மணி நேரத்துக்குப் பார்வை மங்கலாகத்தான் இருக்கும், துணையோடு போங்கள் என்றார் நர்ஸ். தலையாட்டிவிட்டுத் தனியாகத்தான் வெளியே வந்தேன். வெயிலில் தெரு முழுக்க வெள்ளையாகக் கூசியது. ஆட்டோவுக்காகப் போனை எடுத்தால் ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள்.

"பாத்து டீச்சர், படி கீது."

ஆண் குரல். நாற்பது வயது இருக்கலாம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கலங்கல்.

"என்னிய தெர்தா டீச்சர்?"

நான் டீச்சரே இல்லை. முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தவள். ஆனாலும் கண் தெரியாத நேரத்தில் பிடித்த கையை விட மனம் வரவில்லை. "குரல் தெரியுதுப்பா" என்றேன்.

அடையாறு போகவேண்டும் என்றதும் ஒரு கணம் நின்றார். "மந்தவெளி வூட்ட மாத்திட்டீங்களா?"

"ம்."

ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது மெதுவாகச் சொன்னார். ஆறாம் வகுப்பில் பேனா திருடினான் என்று நான் அவரை நாள் முழுக்க வெளியே நிற்க வைத்தேனாம்.

"நான் எடுக்கல டீச்சர். அப்பவே சொன்னேன். நீங்க கேக்கல."

குரலில் கோபமில்லை. பிடித்த கையை விடவுமில்லை. ஆள் மாறிவிட்டது என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"தப்பு என் மேலதான்பா. நான் கேட்டிருக்கணும்."

ஆட்டோ வந்ததும், தலை இடிக்காமல் ஏற்றிவிட்டார். "வூட்டு வாசல்லயே வுடு நைனா, கண்ணுல மருந்து வுட்டுகிறாங்க" என்று டிரைவரிடம் சொன்னார். அவ்வளவுதான், கலங்கல் நகர்ந்துவிட்டது.

நான் செய்தது உதவியா, மோசடியா? மன்னிப்புக் கேட்க வேண்டிய டீச்சர் வேறு எங்கோ இருக்கிறார். இருக்கிறாரோ, இல்லையோ. அவர் கேட்டிருப்பாரா என்பதும் தெரியாது. மந்தவெளி என்றபோதே இவருக்குச் சந்தேகம் வந்திருக்குமோ? வந்தும் பேனா கதையைச் சொன்னாரோ? யோசிக்க யோசிக்க இன்னும் குழம்பியது.

"உங்க ஸ்டூடண்டா மேடம்?" என்றார் டிரைவர்.

"ஆமாம்."

"எந்த ஸ்கூல்?"

கண் கூசுவதுபோல இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.