எப்பிடி மணக்குது?

தயாளினி அக்காவுக்குக் கறித்தூள் வறுக்கும்போது ஒரு பழக்கம் உண்டு. தாச்சியில் கொத்தமல்லி இறக்குகிற பதத்துக்கு வந்ததும் அகப்பை நுனியில் கொஞ்சம் அள்ளி இடது உள்ளங்கையில் கொட்டுவார். சூட்டுக்குக் கையை ஒருதரம் குலுக்கிவிட்டு, வலக்கைப் பெருவிரலால் நசுக்குவார். நசுக்கியதைத் தன் மூக்குக்குக் கொண்டுபோகமாட்டார். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுடைய மூக்குக்கு நேரே கை நீளும். தூள் வாங்க வந்தவரா, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. நீட்டிய கையை விட்டுவிட்டு எதிரே இருக்கிற முகத்தைப் பார்ப்பார்.

"எப்பிடி மணக்குது?"

"மணக்குது" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் போதாது. எங்கள் ஊரில் மல்லிகையும் மணக்கும், செத்த எலியும் மணக்கும். சொல் ஒன்றுதான். மூக்கு விரிகிறதா சுருங்குகிறதா என்பதில்தான் வித்தியாசம். முகம் மலர்ந்தால் அடுப்பைத் தணிப்பார். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு கிளறு. தன் தூளின் வாசத்தைப் பிறர் முகத்தில் பார்த்து ரசிக்கிற பெருமை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அவர் இப்போது கோப்பாயில் எங்களுக்குப் பக்கத்து வீடு. முன்பு அது தியாகராசா அண்ணையின் வீடு.

தியாகராசா அண்ணை தபால்காரராக இருந்து இளைப்பாறியவர். ஊரெல்லாம் சைக்கிளில் திரிந்த காலத்தில், தெருவில் கண்ட ஒன்றையும் விட்டுவிட்டு வரத் தெரியாத மனிதர். பெட்டியில் போட்டுவிட்ட பூனைக்குட்டிகள், கால் முறிந்த நாய், இறகு பிய்ந்த புறா, முயல்கள், ஆடுகள். இறைச்சிக்குப் போக இருந்த ஒரு கிடாயை வழியில் மறித்து வாங்கி வந்து அதற்கு 'மந்திரி' என்று பெயர் வைத்தார். மந்திரிக்குப் பின்னறை. மற்ற ஆடுகளுக்கு மழை நாளில் ஹோல். என் அம்மா வேலியால் எட்டி, "அண்ணை, வீட்டுக்குள்ளை ஆடோ?" என்று கேட்டால், "மழைக்கு அதுகள் எங்கை பிள்ளை போறது? குடை பிடிக்கத் தெரியாதுதானே" என்பார்.

மகன் அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தபோது ஒவ்வொரு சீவனையும் யார் யாரிடமோ கையளித்தார். மந்திரியைக் கீரிமலைப் பக்கத்து ஆள் ஒருவர் லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போன அன்று அவர் சாப்பிடவில்லை. பிறகு வீடு விலைக்கு நின்றது. பார்க்க வந்தவர்கள் விறாந்தை வரைக்கும் வருவார்கள். சட்டைப்பையில் இருந்து கைலேஞ்சி மூக்குக்குப் போகும். உடனே ஏதோ அவசர அலுவல் ஞாபகம் வந்துவிடும்.

தயாளினி அக்கா சுன்னாகத்தில் வாடகை வீட்டில் இருந்தார். வீடு வீடாக மாறி அலுத்திருந்தார். ஒருநாள் தனியாக வந்து அறை அறையாக நடந்தார். காலை வெயில் எந்த அறைக்குள் விழும் என்று கேட்டார். கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்த்தார். அன்றைக்கே விலை பேசி வீட்டை முற்றாக்கிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தா. "அவளுக்கு என்ன, மூக்கில்லையோ?"

அக்காவின் புருசன் செந்தூரன் அண்ணை வெங்காய லொறி ஓட்டுபவர். சுன்னாகத்தில் ஏற்றித் தம்புள்ளையில் இறக்குவார். வாரத்தில் பாதி நாள் தெருவில்தான் சீவியம். வீட்டை அவர் போனில் வீடியோவாகத்தான் பார்த்தார். "வீடியோவிலை எல்லாம் வடிவாத்தான் இருந்தது" என்று பிறகு தலையைச் சொறிந்தார்.

வீட்டு உறுதி எழுதி முடிந்த பிறகுதான் மகள் தர்சிகா முதன்முதலாக வீட்டைப் பார்க்க வந்தாள். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். வாசல் படலையடியிலேயே அவளுடைய கை மூக்குக்குப் போனது.

"அம்மா, இது வீடோ ஆட்டுப்பட்டியோ?"

"கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது. அதுதான் பிள்ளை."

"பூட்டிக் கிடந்த மணமோ இது? உதுக்கை நான் வரமாட்டன். என்ரை வெள்ளைச் சட்டை மணந்தால் பள்ளிக்கூடத்திலை 'மே' எண்டு கத்துவாளவை. நான் மாமி வீட்டிலை நிண்டு படிக்கிறன்."

தயாளினி அக்கா வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகளின் முகத்தை. யாரோ அந்தக் கணம்தான் வந்து ஏதோ ஒரு செய்தியைச் சொன்னதுபோல நின்றார்.

"அவ்வளவுக்கு மணக்குதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

தர்சிகா அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டாள். "போங்கோம்மா!" என்று தெருவில் இறங்கிவிட்டாள். பத்தடி போய்த் திரும்பி, "குடிபூரல் அண்டைக்கு வந்து பாப்பன். மணந்தால் மாமியோடை போயிடுவன். சொல்லிப்போட்டன்" என்றாள்.

செந்தூரன் அண்ணை லொறியில் போய்விட்டால் தாயும் மகளும் ஒரே பாயில்தான். மகள் பிறந்த நாளில் இருந்து இரண்டு பேரும் பிரிந்து படுத்ததில்லை என்று அக்கா என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். புது வீட்டுக் குடிபூரலுக்கு ஐயர் நாள் வைத்தாயிற்று. காலை வெயில் விழுகிறது என்று அக்கா மகளுக்காகக் குறித்து வைத்த அறை எது என்று பார்த்தால், மந்திரியின் பின்னறை.

அடுத்த நாள் காலை வேலிக்கு மேலால் குரல் வந்தது.

"தம்பி கிருஷாந், ஒருக்கா வாரும். உம்மடை மூக்கு வேணும்."

"என்ரையோ?"

"ஓம். அம்மாவைக் கேட்டால் முகத்துக்கு நேரை 'பறவாயில்லைப் பிள்ளை' எண்டுதான் சொல்லுவா. உமக்கு வாய் கதைக்காது. ஆனால் முகம் பொய் சொல்லாது."

அப்படித்தான் என் மூக்கு அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தது.

அக்கா மேலேயிருந்து தொடங்கினார். தலையில் துவாயைக் கட்டி, ஏணியில் ஏறி, கூரை வளைமரத்தில் காய்ந்து கிடந்த புறா எச்சத்தைச் சுரண்டிச் சாக்குச் சாக்காக இறக்கினார். யன்னல் கதவுகளைக் கழற்றி முற்றத்தில் வெயிலுக்குச் சாத்தினார். பிறகு நிலம். சவர்க்காரத் தூள், தேசிக்காய், அடுப்புச் சாம்பல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தும்புத்தடியால் தேய்த்தார். காய்ந்து கிடந்தபோது தூங்கிக்கொண்டிருந்த மணம், தண்ணீர் பட்டதும் எழும்பி உட்கார்ந்தது. அவர் நனைந்த துணியைப் பிழிந்து, கொத்தமல்லியை நீட்டுகிற அதே மாதிரி என் மூக்குக்கு நீட்டுவார்.

"எப்பிடி?"

நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. "சரி, இன்னொருக்கா" என்று வாளியைத் தூக்குவார்.

ஒருநாள் யாரோ சொன்னார்கள் என்று பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மொத்தமாக ஊற்றிவிட்டார். ஆட்டு மூத்திரம் ஊறிய சீமெந்தில் அது பட்டதும் ஒரு காட்டம் கிளம்பியது. நான் இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அவர் உள்ளேயே நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். கத்திக் கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தார். கண்ணால் தண்ணீர் வழிந்தது. "கண் எரியுதுதான். வேறை என்ன?" என்று கேட்டார்.

அம்மா ஒரு செம்போடு வந்தா. செம்பில் கோசலம். "பசுவின்ரை மூத்திரம் தெளிச்சால் எந்தத் தீட்டும் போகும். உந்தக் கடை மருந்துகளை விடு பிள்ளை" என்று தானே மாவிலையால் வீடு முழுக்கத் தெளித்துவிட்டுப் போனா. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இப்ப எப்பிடித் தம்பி?"

"இப்ப... மாடும் மணக்குது."

அக்கா தும்புத்தடியைப் பிடித்தபடியே நிலத்தில் குந்திவிட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

கடைசியில் ஹோல் சரிவந்தது. குசினி சரிவந்தது. பின்னறை மட்டும் வரவில்லை. நிலத்தை எத்தனை முறை தேய்த்தும், வாசலில் கால் வைத்ததும் என் முகம் அவருக்கு விடை சொல்லிவிடும். குடிபூரல் கிட்டக் கிட்ட அக்கா கதைப்பது குறைந்தது. ஒருநாள் நான் மண்டியிட்டு, நாய் மாதிரி நிலத்தோடு மூக்கை வைத்து மூலை மூலையாக ஊர்ந்தேன். நிலத்தில் ஒன்றும் இல்லை. சுவருக்குக் கிட்டப் போனதும் மந்திரி வந்துவிட்டது. வெள்ளையடித்த, பார்வைக்குச் சுத்தமான சுவர். கிடாய் நிலத்திலா மூத்திரம் பெய்யும்? வருசக்கணக்காகச் சுவரில் உரஞ்சி, சுவரிலேயே பெய்திருக்கிறது.

"சுவருக்குள்ளை அக்கா."

"எவ்வளவு உயரத்துக்கு?"

நான் மூக்கை மெல்ல மெல்ல உயர்த்தி, மணம் நின்ற இடத்தில் கையை வைத்தேன். ஒரு கிடாயின் உயரம். அக்கா கரித்துண்டு எடுத்து அந்த உயரத்தில் அறையைச் சுற்றிக் கோடு கீறினார். மேசனுக்குக் காத்திருக்கவில்லை. அலவாங்கை எடுத்து முதல் இடியைத் தானே இடித்தார். பழைய சாந்து பாளம் பாளமாக விழுந்தது. வெளிப்புறம் வெள்ளை, உட்புறம் தேயிலைச் சாயம்.

"பாவம் மந்திரி" என்றார் அக்கா, பாளத்தைக் கையில் வைத்துப் பார்த்து. "தன்ரை அறையெண்டு எழுதி வச்சிட்டுப் போயிருக்குது."

சாந்து போன சுவர்க்கல்லை வெயிலும் காற்றும் பட விட்டோம். பிறகு மேசன் வந்து புதிதாகப் பூசினார். கதவு நிலையின் அடிப்பக்கத்தைத் தச்சர் சீவித் தந்தார். சுண்ணாம்பு அடித்துக் காய்ந்ததும் அக்கா என்னை உள்ளே விட்டுக் கதவு யன்னல் எல்லாவற்றையும் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார்.

"ஆடு?"

"இல்லை அக்கா."

"பூனை?"

"இல்லை."

அவர் என் முகத்தை அவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில், நான்தான் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது.

குடிபூரல் அன்று விடிய, ஒழுங்கை முடிவில் இருக்கிற வீட்டுப் பசுவையும் கன்றையும் கொண்டுவந்தார்கள். புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும்தான் போக வேண்டும். தர்சிகா மாமியோடு வந்து படலையடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு அடி உள்ளே வைக்கவில்லை. 'பசு போகட்டும், பாப்பம்' என்பது மாதிரி ஒரு நிலை.

பசு வாசற்படியில் நின்றுவிட்டது. தலையைத் தாழ்த்திப் படியை முகர்ந்தது. புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. கயிற்றை இழுத்தார்கள். அசையவில்லை. "பசு நிக்குதெல்லோ" என்று யாரோ குசுகுசுத்தார்கள். அக்கா நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நின்று பசுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், மீட்டர் பார்க்க வந்தவரைப் பார்க்கிற அதே பார்வை.

பிறகு அதுவாகவே காலைத் தூக்கி வைத்தது. கன்று பின்னால் துள்ளியது. ஹோலின் நட்டநடுவில் போய் நின்று, வாலைத் தூக்கி, நிறுத்தி நிதானமாகப் பெய்தது.

"ஆ! நல்ல சகுனம்! லட்சுமி வந்திட்டா!" என்று பெண்கள் எல்லோரும் ஒரே குரலில். அம்மா செம்போடு பாய்ந்தா. ஐயர் சிரித்தபடி தன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். அக்கா மட்டும் தலையில் கை வைத்தபடி, தான் தேய்த்துத் தேய்த்து வெளுத்த சீமெந்தில் அது ஓடிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படலையடியில் ஒரு சிரிப்பு வெடித்தது. தர்சிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்துவிட்டாள்.

"அம்மா! இவ்வளவு நாளும் உரஞ்சினது இதுக்கோ?"

"இது நல்லதெடி!" என்றா மாமி.

"நல்லதெண்டால் நீங்கள் கழுவுங்கோவன் மாமி!"

யாரும் கழுவ வரவில்லை. எல்லோரும் சகுனத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தாய் நின்ற நிலையைத் தர்சிகா இன்னொருதரம் பார்த்தாள். புதுப் பாவாடையைச் செருகிக்கொண்டு விறுவிறென்று உள்ளே வந்தாள். "தள்ளுங்கோம்மா" என்று வாளியையும் தும்புத்தடியையும் பிடுங்கினாள். மூக்கைப் பொத்த ஒரு கை மிச்சம் இருக்கவில்லை.

கழுவி முடித்து, ஈரக் கையோடு பின்னறைக்குப் போனாள். அக்கா பின்னால் போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாழையிலைக் கட்டோடு நடையில் நின்றேன். தர்சிகா எங்களுக்கு முதுகு காட்டி யன்னலடியில் நின்று, மூச்சை ஆழ இழுத்தாள்.

"மணக்குதம்மா."

நிலையைப் பிடித்த கை இறுகியது.

"எப்பிடி?"

தர்சிகா இன்னொருதரம் மூச்சை இழுத்தாள். அக்காவால் பொறுக்க முடியவில்லை. அறையைக் குறுக்கே கடந்து, மகளுக்கும் யன்னலுக்கும் இடையில் புகுந்து, அவளுடைய முகத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் நின்ற இடத்தில் இருந்து தாயின் முகம் மட்டும்தான் தெரிந்தது. மகளின் முகம் எப்படி இருக்கிறது என்பதை அதில் பார்த்துக்கொண்டேன்.

"முதல் மழை பெய்யேக்கை மதில் மணக்குமே, அப்பிடி" என்றாள் தர்சிகா. "கட்டிலை இந்த யன்னலுக்குக் கிட்டப் போடுவம், என்ன?"

மாமி தனியாகத்தான் திரும்பிப் போனா.

சில மாதம் கழித்துச் சுன்னாகம் சந்தையில் செந்தூரன் அண்ணையைக் கண்டேன். லொறிக்கு வெங்காயம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கதை தொடங்க வராது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்த மணத்தோடை உந்த வீட்டை வாங்க அக்காவுக்குச் சரியான துணிவு வேணும் அண்ணை" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"துணிவோ? தம்பி, அவவுக்கு மணமே தெரியாது. கொரோனாக் காய்ச்சலோடை போனது, இன்னும் வரேல்லை. தூள் வாங்கிற சனம் என்ன நினைக்குமோ எண்டு இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தவ. இப்பதான் தானே வாய் திறந்து சொல்லித் திரியிறா. அந்த வீடு மணக்குதெண்டு அவவுக்குத் தெரிஞ்சதே, பிள்ளை படலையிலை நிண்டு மூக்கைப் பொத்தினாப் பிறகுதான்."