தொட்டிக் குழாய்க்குக் கேட்ட அனுமதி

இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் இருந்தது போதும்.

லண்டன் அண்ணா தன் கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு ஒரு குளியல் தொட்டி வாங்கியிருக்கிறார், வருடத்தில் இரண்டு கிழமை வந்து குளிக்க. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பவன் நான்.

தொட்டியின் குழாய் சுவரில் பொருத்துவதல்ல, தரையிலிருந்து எழுந்து நிற்பது. தரையைத் துளைத்து, கீழ்வீட்டு சீலிங் வழியாகத்தான் பைப் கொண்டுவர வேண்டுமாம்.

கீழ்வீட்டுக்காரரோடு எனக்கு மூன்று வருடமாகப் பேச்சில்லை. இன்று காலை மானத்தை விட்டு இறங்கிப்போய் அனுமதி கேட்டேன்.

"உங்கட அண்ணா நேற்றே போனில கேட்டிட்டார், நானும் ஓம் எண்டிட்டன். வீட்டுக்காரர் அவர்தானே? பிளம்பர் வந்தா நீங்கள் கதவை மட்டும் திறந்து விடுங்கோ, தம்பி."

திறந்துவிட்டேன். உள்ளே துளைக்கிறார்கள்.

அண்ணாவும் இந்த ஃபேஸ்புக் குழுவில் இருக்கிறார். அதனால் பெயர் போடாமல் பதிகிறேன். வெள்ளவத்தையில் அண்ணன் வீட்டுக்குக் காவலிருக்கும் தம்பிமாருக்கா பஞ்சம்?