எழுத்துப் போட்ட கால்மிதி

என் மனைவி எங்கள் வீட்டு முன்வாசலால் உள்ளே வந்து நான்கு மாதமாகியிருந்தது.

கோபம் ஒன்றுமில்லை, பயம். மாரி மழை தொடங்கிய கிழமை, முற்றத்துப் பைப்பில் கால் கழுவிவிட்டு ஈரக்காலோடு விறாந்தையில் ஏறினாள். வாசலில் நான் பட்டணத்தில் வாங்கிப் போட்ட, பூவும் இங்கிலீஸ் எழுத்தும் போட்ட கால்மிதி கிடந்தது. அதில் கால் வைத்தாள். அது ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு ஓட, இவள் மறுபக்கம் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. முதலில் பச்சிலைப் பத்துப் போட்டுக் கட்டி, பிறகு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டும் போட்டு, ஒருமாதிரிக் கை தேறிவிட்டது. ஆனால் அன்றைக்குப் பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், சீமெந்து நிலம் போட்ட குசினிக் கதவால்தான் உள்ளே வருவாள். முன்பக்கம் யாராவது வந்து கூப்பிட்டால் யன்னலால் தலையை நீட்டிக் கதைப்பாள்.

விறாந்தைக்கும் உள்வீட்டுக்கும் அந்தப் பளபளக்கிற மாபிளைப் பதித்தது நான். சீமெந்தே போதும் என்று அப்போதே சொன்னவள் அவள். "சொன்னனானெல்லோ" என்று ஒருநாளும் அவள் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சத்தம் போட்டு ஆறியிருப்பேன். முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான், சத்தம் போடுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவள் பேசாமல் குசினிப் பக்கம் நடந்து போகிற ஒவ்வொரு தரமும் நான் அந்தக் கால்மிதியைத்தான் முறைத்துப் பார்ப்பேன்.

ஒரு நாள் காலை அந்தப் பூப்போட்ட சனியனைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். அடுத்த வளவுக்காரன் அங்கே வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய தலையில் போய் விழுந்தது.

"என்னண்ணை இது, குண்டோ?" என்றான்.

"குண்டுதான். மனிசியின்ரை கையை முறிச்ச குண்டு. நானே ஒரு கால்மிதி செய்யப்போறன் பார். பஸ் ஏறினாலும் இருந்த இடம் விட்டு அரக்காத கால்மிதி!"

சொல்லிவிட்டேன். எப்படிச் செய்வதென்று தெரியாது. ஆனால் சொன்ன அந்த நேரமே உடம்பெல்லாம் ஒரு துடிப்பு. பென்சன் எடுத்த பிறகு எனக்கு அப்படி ஒரு உசார் வந்ததேயில்லை.

அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சுவேலிப் பக்கம் ஓடினேன். அங்கே ஒரு பெண் கொட்டிலில் தென்னை மட்டையில் தும்பு அடித்து, கூட்டுகிற தும்புத்தடி கட்டி விற்கிறாள். முப்பது வயதிருக்கும். வாய் ஓயாமல் கதைப்பாள், கை அதைவிட வேகம். விசயத்தைச் சொன்னேன். ஒரு பிடி தென்னந்தும்பை என் கையில் வைத்தாள்.

"மணந்து பாருங்கோ ஐயா. கடல் தண்ணியிலை ஊறினது. ஈரத்துக்கு அசையாது, உக்காது. கயிறையும் நனைச்சுப்போட்டு இழுத்துக் கட்டுங்கோ, காஞ்சால் இறுகும். கட்டினாப் பிறகு ஒரு குஞ்சத்தைப் பிடிச்சு இழுங்கோ. ஒரு தும்பு கையோடை வந்தாலும் முடிச்சுச் சரியில்லை, அவிட்டுப்போட்டுத் திருப்பிக் கட்டுங்கோ."

மூலையில் கறுத்த தும்பும் ஒரு கட்டுக் கிடந்தது. பனந்தும்பு. தொட்டால் கம்பி மாதிரி விறைப்பு. பொன்னிறத் தென்னந்தும்புக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தேன். அங்கேயே, அந்த நிமிடமே எனக்கு யோசனை வந்துவிட்டது. இரண்டையும் அள்ளிக் கட்டிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் தனியே சிரித்தேன். கண்டவர்கள் எனக்கு மூளை தட்டிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பின்வளவுக் கொட்டிலில் வேலை தொடங்கியது. பழைய கட்டில் சட்டத்தை அறுத்து நாற்சதுரமாக அடித்தேன். மேலும் கீழும் நெருக்கமாக ஆணி அறைந்து, நனைத்த கயிற்றை நெடுக்கே இழுத்துக் கட்டினேன். தட்டினால் 'டொங்' என்று சத்தம் வரவேண்டும், அப்படி விறைப்பு. பிறகு ஒரு சாண் நீளத் தும்பை விரல் மொத்தத்துக்கு எடுத்து, இரண்டு கயிற்றைச் சேர்த்துச் சுற்றி, நுனிகளை நடுவால் வெளியே இழுத்து இறுக்க வேண்டும். அது ஒரு குஞ்சம். ஒரு வரிசை குஞ்சம் முடிந்தால் குறுக்கே இரண்டு ஓட்டம் கயிறு. பிறகு முள்ளுக்கரண்டியால் இடித்து இடித்து இறக்க வேண்டும், இடைவெளியில் ஈர்க்குக்கூடப் போகக் கூடாது.

"இஞ்சாருங்கோ, என்ரை முள்ளுக்கரண்டியைக் கண்டனீங்களே?" என்று குசினியிலிருந்து குரல் வரும்.

"நானென்ன முள்ளுக்கரண்டியாலையே சாப்பிடுறனான்? தேடும், அங்கைதான் கிடக்கும்!" என்று கொட்டிலுக்குள் இருந்து கத்துவேன், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

கொட்டிலுக்குள் அவள் வரக்கூடாது என்பது என் கட்டளை. எட்டிப் பார்த்தால் சீமெந்துப் பையால் மூடிவிடுவேன். முதல் நாளே இரண்டு உள்ளங்கையும் பொக்களித்துவிட்டது. இரண்டாம் நாள் பத்து வரிசை கட்டி, ஒரு குஞ்சத்தைப் பிடித்து இழுத்தேன். நாலு தும்பு கையோடு வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சட்டத்தோடு கிணற்றுக்குள் போடப் பார்த்தேன். போடவில்லை. பத்து வரிசையையும் அவிழ்த்துவிட்டுத் திருப்பிக் கட்டினேன். அதற்குப் பிறகு எந்தக் குஞ்சத்தை இழுத்தாலும் சட்டம்தான் எழும்பி வந்தது, தும்பு வரவில்லை.

இனி என் யோசனையைச் சொல்ல வேண்டும். நடுவில் கறுத்த பனந்தும்பால் 'நல்வரவு' என்று எழுத்துப் போடுவது. என் கையெழுத்துக் கோழி கிளறின மாதிரி. ஆனால் என் மனைவி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு 'அ' எழுதக் கையைப் பிடித்தவள். அவளுடைய பழைய பாடக்குறிப்புக் கொப்பியை அலுமாரியிலிருந்து களவாக எடுத்தேன். அதில் அவளுடைய உருண்டையான எழுத்தில் ஐந்து எழுத்தையும் தேடிப் பிடித்து, பெரிதாக்கி மட்டையில் வெட்டி, சட்டத்துக்குக் கீழே வைத்துப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். 'ர'வின் கால் ஒரு குஞ்சம் சரிந்தாலும் அவிழ்த்தேன். மூன்று கிழமை போனது தெரியவில்லை. முன்வாசலால் அவள் வந்து, தன்னுடைய எழுத்தே தன்னை வா என்று கூப்பிடுவதைப் பார்த்து, அதில் கால் வைத்து உள்ளே வருவாள். நினைக்க நினைக்க எனக்குப் பிடரி மயிர் நட்டுக்கொண்டது.

கடைசி நாள் வேலி வெட்டுகிற கத்தரிக்கோலால் மேற்பக்கத்தை ஒட்ட வெட்டி, சட்டத்திலிருந்து கழற்றி, விறாந்தையில் கொண்டுபோய்ப் போட்டேன். போட்ட சத்தம் 'பொத்' என்று கேட்டது. அவ்வளவு கனம். தண்ணீர் ஊற்றி அதன் மேல் ஏறிக் குதித்தேன். ஒரு நூல் அசையவில்லை. "வா, வா! இஞ்சை வந்து பாரும்!" என்று நான் போட்ட சத்தத்துக்கு அவளோடு சேர்த்து அடுத்த வளவுக்காரனும் ஓடி வந்தான்.

அவள் முற்றத்தில் நின்று பார்த்தாள். கண் பெரிதாகியது.

"இது என்ரை எழுத்தெல்லோ."

"உம்மடை எழுத்துத்தான். உம்மடை கொப்பியிலை இருந்து எடுத்தது. ஏறும்! ஏறி நிண்டு பாரும்!"

அவள் விறாந்தையில் ஏறிக் கிட்ட வந்தாள். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. கால் தூக்கினாள். திரும்பக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்களுக்கு விசரே? எழுத்தை மிதிக்கிறதே?"

நான் குனிந்து எழுத்தைப் பார்த்தேன்.

"கொப்பியிலை கால் பட்டாலே தொட்டுக் கண்ணிலை ஒத்துங்கோ எண்டு எத்தனை பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தனான். நானே இப்ப எழுத்திலை காலைத் துடைக்கிறதோ?"

எனக்கு ஏறிவிட்டது. "கடையிலை வாங்கினதிலையும் இங்கிலீசிலை எழுத்திருந்ததே! அதை மட்டும் மிதிச்சனீர்!"

"அது ஆரோ அச்சடிச்சது. இது நீங்கள் இருந்து கட்டினது, நான் எழுதினது" என்றாள். சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிக் குசினிப் பக்கம் போனாள்.

நான் அடுத்த வளவுக்காரனைப் பார்த்தேன். அவன் காலெல்லாம் செம்மண். "நீ ஏறடா!" என்றேன்.

"ஐயோ அண்ணை, அது ரீச்சரின்ரை 'வ'. அதுக்கு மேலை கால் வைச்சால் என்ரை காது இருக்காது." அவனுக்கு நாற்பத்தைந்து வயது. அவள் காது திருகி முப்பத்தைந்து வருடமாகியிருக்கும். அப்படியே எட்டுக் கால் பாய்ச்சலில் கால்மிதிக்கு மேலால் பாய்ந்து உள்ளே போய், பின்பக்கத்தால் ஓடிவிட்டான்.

அதன் பிறகு வந்ததெல்லாம் கூத்து. வீட்டுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் படித்தவர்கள். வாசலுக்கு வருவார்கள், பார்ப்பார்கள், "ரீச்சரின்ரை எழுத்து" என்பார்கள், பாய்வார்கள். தபால்காரர் பாய்ந்தார். மரக்கறி கொண்டுவருகிற மனிசி சேலையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. வழுக்காமல் நிற்க நான் செய்த சாமானுக்கு மேலால் பாய்ந்து எல்லோரும் வழுக்குகிற மாபிளில் போய் இறங்கினார்கள்! கோதாரி, நானும் பாயத் தொடங்கினேன். அவள் சொன்ன பிறகு எனக்கும் கால் கூசியது.

அடிப்பக்கம் மேலே வர மறித்துப் போடலாமா என்று கேட்டேன். "மறிச்சாலும் எழுத்து எழுத்துத்தானே" என்றாள். எழுத்தைப் பிடுங்கி எடுப்போமென்று குறட்டால் 'ந'வைப் பிடித்து இழுத்தேன். கால்மிதியோடு நானும் சேர்ந்து முற்றம்வரை போனேனே தவிர, ஒரு தும்பு கழலவில்லை. அவ்வளவு நல்ல முடிச்சு. விறாந்தைப் படியில் இருந்து சிரித்தேன். பிறகு அழுகையும் வந்தது. வாசலில் ஒரு அருமையான கால்மிதி கிடக்கிறது, அவள் இன்னும் குசினியால் வருகிறாள்.

ஐந்தாறு நாள் கழித்து, ஒரு பின்னேரம், சித்திரை மழை சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. நான் தோட்டத்தில் வெட்டிய கதலிக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடி வந்தேன். பைப்பில் கால் கழுவினேன். விறாந்தையில் ஏறி, பழகிய மாதிரிக் கால்மிதிக்கு மேலால் பாய்ந்தேன். குலையின் பாரம் ஒரு பக்கம் இழுத்தது, ஈரக்கால் மாபிளில் பட்டது. அவ்வளவுதான், வாழைக்குலையும் நானும் ஆளுக்கொரு திசையாகப் போனோம். மல்லாந்து விழுந்து "ஐயோ அம்மா!" என்று கத்தினேன்.

அவள் முற்றத்தில் கொடியில் காய்ந்த உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கையில் இருந்ததை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். சுற்றிப் போகவில்லை. நேரே முற்றம், நேரே விறாந்தை, ஈரக்காலோடு, சேறோடு. வந்த வேகத்துக்கு இரண்டு காலாலும் கால்மிதியில் ஏறி நின்றாள். நின்றவள் குனிந்து கையை நீட்டினாள். வலது கை. முறிந்த கை.

"பிடியுங்கோ!"

"உம்மடை கை..."

"பிடியுங்கோ எண்டுறன்!"

பிடித்தேன். எண்பது கிலோ என்னை அந்தக் கையால் இழுத்தாள். கால்மிதி ஒரு நூல்கூட அரக்கவில்லை. நான் எழும்பி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் தலையைத் தடவி, முதுகைத் தடவி, இடுப்பு முறியவில்லை என்று கண்ட பிறகுதான் கீழே பார்த்தாள். ஒரு கால் 'ல்'லுக்கு மேல், மற்றது 'ர'வுக்கு மேல். சேறு அப்பியிருந்தது.

இறங்கினாள். குனிந்து எழுத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து வெடித்தாள்.

"ஏன் பாய்ஞ்சனீங்கள்? உங்களுக்கென்ன இருபது வயசே? கால்மிதியைக் கட்டிப்போட்டு அதுக்கு மேலாலை பாயுற மனிசனை நான் எங்கையும் காணேல்லை!"

"நீர்தானே மிதிக்கக் கூடாதெண்டனீர்!"

"ஓம், சொன்னனான். இதைக் கழுவிக் காயவைச்சு நிலைக்கு மேலை கொழுவித் தொங்கவிடுங்கோ. எழுத்தில்லாமல் இன்னொண்டு கட்டுங்கோ. இதே கனம், இதே முடிச்சு." கால்மிதியின் விளிம்பைக் கையால் தள்ளிப் பார்த்தாள். "அரக்கவே இல்லை, என்ன?"

"பஸ் ஏறினாலும் அரக்காது" என்றேன்.

"உடுப்பெல்லாம் நனையுது" என்றாள்.

முற்றத்தில் மொத்தம் ஐந்து உடுப்பு. ஒரு கையில் அள்ளக்கூடியது. அதை எடுக்க என் மனைவி அந்த மழைக்குள் மூன்று தரம் போய் வந்தாள். மூன்று தரமும் முன்வாசலால். மூன்று தரமும் கால்மிதியில் ஏறி நின்று, காலைத் துடைத்து, குனிந்து எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிலையைப் பிடிக்காமல் உள்ளே வந்தாள்.