லாரி ரப்பர்

எங்கள் கார் ஓடும்போது ஆடாது, நின்றால்தான் ஆடும். சிக்னலில் நியூட்ரலில் நிறுத்தினால் போதும், ஸ்டியரிங் கைக்குள் உதறும், கண்ணாடி கடகடக்கும், பின் சீட்டில் வைத்த தண்ணீர் பாட்டில் தானாக உருண்டு கீழே விழும். பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரத்துப் பக்கம் சுத்தியால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். வாங்கும்போதே பழைய வண்டிதான். நாற்பது வயதுக்கு மேல் நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான். அதனால் எல்லாக் காருமே இப்படித்தான் ஆடும் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆன பிறகுதான் அந்த ஆட்டம் ஒரு பிரச்சினையானது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் வலது காலில் பலம் வரவில்லை; பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பிசியோதெரபிக்கு விடாமல் வந்தால் கால் திரும்பும், விட்டால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அவரைப் பார்த்துச் சொல்லிப் பயனில்லை என்பது டாக்டருக்கே தெரிந்திருந்தது. வீடு சேக்காட்டில், பிசியோதெரபி அம்பத்தூரில். ஆட்டோவின் குலுக்கலுக்கு அந்த முதுகு தாங்காது, பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆக, கார்தான். டிரைவர் நான்தான்.

பருத்திப்பட்டு போகிற வழியில் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். அவர் பானெட்டைத் தூக்கிவிட்டு என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். என்ஜின் ஒரு பக்கமாக எழும்பி உட்கார்ந்தது.

“யக்கா, மவுண்டிங் எல்லாம் செத்துப்போச்சி. இன்ஜின் தூளி கணக்கா ஆடிகினு கீது. கீழ புஷ்ஷுங்களும் நூல் நூலா கீது, பாரு.”

என்ஜினுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கட்டைதான் மவுண்டிங் என்றும், சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம்தான் புஷ் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கடையில் வாங்கிவந்து கொடுத்தால் ஒரே நாளில் மாட்டித் தருவதாகச் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னதும் என் கணவர் படுக்கையிலிருந்து தலையைத் தூக்கினார். “ரப்பர் சாமான நான் கடைல வாங்கறதா? இன்னாமே பேசற நீ?”

அவர் மண்ணூர்பேட்டையில் ஒரு ரப்பர் மோல்டிங் கம்பெனியில் ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ்ஸை ஆயுசு முழுக்க ஓட்டியவர். இது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த எஸ்டேட்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிற வியாதி. தாங்களே செய்ய முடிந்த எதையும் கடையில் வாங்கமாட்டார்கள். எங்கள் தெருவில் லேத் ஓட்டுகிறவர் வீட்டு கேட்டுக்கு அவரே கடைந்து போட்ட கீல், அதன் கனத்துக்குச் சுவரைப் பிளந்துவிட்டது. பிளேட்டிங் கம்பெனிக்காரர் வீட்டுக் குத்துவிளக்கு கார் பம்பர் மாதிரி குரோமியத்தில் பளபளக்கும். யாரும் எதுவும் கேட்கக்கூடாது. கேட்டால் அவர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

பக்கத்துப் பிரஸ்ஸில் வேலை செய்த இவருடைய சிநேகிதர் இப்போது சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறார். இந்தக் காருக்கான அச்சு, எப்போதோ ஆர்டர் நின்றுபோனது, அவரிடம் மூலையில் கிடந்தது. இவர் போனில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பேசினார்.

“மச்சான், லாரிக்குப் போடற ரப்பர் கீதா? அத்த போடு. ஆயுசுக்கும் அசையக் கூடாது.”

“ஊட்டு வண்டிக்கா? கல்லு மாரி ஆயிடும் மாமே.”

“ஆவட்டும். மெத்துனு இருந்தா அது ரிஜெக்டு.”

இவர் வேலை பார்த்த கம்பெனியில் அப்படித்தான். கெட்டி குறைந்த சரக்கு என்று மீட்டரில் தெரிந்தால் நேராகக் குப்பைத் தொட்டி. அந்தப் பழக்கத்தில் வீட்டில் இட்லி, செருப்பு, தலையணை என்று எதையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் விடமாட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தலையணையைக்கூட ரிஜெக்ட் செய்தார். போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு.

சாமான் வந்தது. மெக்கானிக் என்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தூக்கி, பழைய மவுண்டிங்கைக் கழற்றினார். இரும்பு ஒரு கையோடும் ரப்பர் இன்னொரு கையோடும் வந்தது. புதியதை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தார். “அண்ணாத்தே, கொஞ்சம் கெட்டியா கீதே.”

“அதான் சரக்கு. நீ மாட்டு,” என்றார் இவர், கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டு. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? எனக்கு ரப்பரைப் பற்றி என்ன தெரியும்?

சுத்தியல் சத்தம் போயிற்று. வண்டி வளைவில் சொன்ன பேச்சு கேட்டது. ஆனால் சிக்னலில் நின்றபோது பழைய ஆட்டத்துக்குப் பதிலாக ஒரு பொடி அதிர்வு சீட்டு வழியாக ஏறியது. மிக்ஸி ஓடும்போது சமையல் மேடையில் கை வைத்தால் வருமே, அது. என் பல்லில்கூடத் தெரிந்தது.

“பாத்தியா? எப்டி நிக்குது?” என்றார் பக்கத்து சீட்டிலிருந்து இவர். போகப்போக ரப்பர் செட்டாகிவிடும் என்றும் சொன்னார்.

செட்டாகவில்லை. அதற்குப் பதில் அவர் பிசியோதெரபிக்கு மட்டம் போட ஆரம்பித்தார். ஒரு நாள் வயிறு சரியில்லை. ஒரு நாள் அமாவாசை. ஒரு நாள் பிசியோதெரபி செய்கிற பொண்ணு காலை ரொம்ப முறுக்குகிறது. “இன்னிக்கு வேணாம் மே” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “கால் போனா போகட்டும்னு இருக்கீங்களா?” என்று கத்தினேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். நன்றாகத் தூக்கி வைக்க ஆரம்பித்திருந்த பாதம் மறுபடி தேய ஆரம்பித்தது. அடுப்படியில் நிற்கும்போது ஹாலில் அந்தச் செருப்பு இழுபடும் சத்தம் கேட்கும். கோபமெல்லாம் மேலுக்குத்தான். உள்ளுக்குள் பயந்துபோயிருந்தேன்.

ஒரு நாள் சண்டை போட்டுக் கூட்டிப்போனேன். அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டி நின்றது. தற்செயலாகத் திரும்பினேன். அவர் வெளியே போஸ்டர் படிப்பவர் மாதிரி முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் சீட்டில் ஊன்றி, இடுப்பு சீட்டில் படாமல் உடம்பைத் தூக்கிப் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் மெல்ல இறங்கி உட்கார்ந்தார். அடுத்த சிக்னலிலும் அதேதான். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஒண்ணுமில்லை என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மறுநாள் தங்கை வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கடையில் சாதாரண மவுண்டிங் கேட்டு வாங்கினேன். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போயிற்று. எங்கள் வீட்டுக் கணக்கில் சுத்தமான ரிஜெக்ட். மெக்கானிக் அதைப் பார்த்ததுமே ஜாக்கியை இழுத்தார்.

“அன்னிக்கே சொல்லியிருப்பேங்கா. அண்ணாத்த மூஞ்சிய பாத்து வாய் வரல.”

புஷ்கள் கெட்டியாக இருந்தால் இருக்கட்டும், நிற்கிற வண்டியில் அதனால் தொல்லை இல்லை என்று அவற்றை விட்டுவிட்டார். லாரி ரப்பரை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். அதில் ஒன்றை மெக்கானிக் தன் ஷெட் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்.

அடுத்த முறை கிளம்பும்போதும் இன்றைக்கு வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தார். எழுந்திருங்க என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, எழுந்து வந்தார்.

முதல் சிக்னலில் நின்றோம். நியூட்ரலுக்கு மாற்றினேன். வண்டி நிற்கும் முன்பே அவர் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிவிட்டிருந்தார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் சூடாக இருக்குமோ என்று பார்ப்பதுபோல் சீட்டில் மெல்ல உட்கார்ந்தார். டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் எடுக்காமல் இருந்தார். ரப்பரில் அவரை ஏமாற்ற முடியாது. சண்டைக்கு வேண்டிய பதில்களை எல்லாம் நான் தயாராக வைத்திருந்தேன்.

“மாத்திட்டியா?”

“மாத்திட்டேன்.”

“கடைல வாங்கினதா?”

“ஆமா.”

நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலிச்சிது மே,” என்றார். “ரொம்ப வலிச்சிது.”

பிரஸ்ஸில் விரல் நசுங்கி வந்த அன்றும் அவர் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு வலிக்கிறது என்று டாக்டர் கேட்டபோது என்னைப் பார்த்தார், நான்தான் ஒரு குத்துமதிப்பாகச் சொன்னேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“போ மே, பச்ச உழுந்திருச்சி,” என்றார்.

எனக்கு ரோடு தெரியவில்லை.