சாமி கண் திறக்கும் மாதத்தில் தம்பியோடு சோளிங்கருக்கு

ஆம்பூரில் நான் கணக்கு எழுதும் டேனரிக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் இரண்டு விஷயம் கேட்கிறார்கள். ஒன்று, தோல் என்ன விலை. இன்னொன்று, சோளிங்கருக்கு எப்படிப் போவது, என்ன செலவாகும். போன வருஷம் புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முதல் ஞாயிறுவரை என் தம்பி தேவராஜின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பண்டிகை பண்டிகையாக அலைந்தது ஊருக்கே தெரியும். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன், வரும் கார்த்திகையில் போகிறவர்களுக்கு உதவட்டும். எனக்கு உதவவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் போனோம் என்று சொல்லாமல் வழி சொல்வது சரியில்லை. அதற்கு முந்தின வருஷம் ஆயுத பூஜையன்று டேனரியில் வழக்கம்போல எல்லாவற்றையும் கழுவி, தோல் சீவும் கத்திகளுக்கும், சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டும் நீளக் கழிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் சுவரோரம் சாத்தி வைத்தோம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. எங்கள் முதலாளி முஸ்லிம். அன்றைக்குப் பொரி கடலைக்கு அவர்தான் பணம் கொடுப்பார். அங்கேயே தோல் தூக்கும் வேலை செய்த தேவராஜ், குழிச் சுவருக்குப் பொட்டு வைக்கக் குழிமேல் போட்ட பலகையில் போனவன், கழுவின ஈரத்தில் வழுக்கிச் சுண்ணாம்புக் குழிக்குள் விழுந்தான்.

கழிகள் எட்டடி தூரத்தில் இருந்தன. மேஸ்திரி காசிம் பாய் தாவி ஒரு கழியைப் பிடிக்கப் போனார். நான்தான் கத்தினேன்: "பாய், அதத் தொடாதீங்க! பூஜையில இருக்குது!" அவர் கையை இழுத்துக்கொண்டார். எங்கள் பூஜைக்கு அவர் கொடுத்த மரியாதை அது. நான் கழிகளைத் தாண்டிக் கிணற்றடிக்கு ஓடி ஒரு மூங்கிலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். வருவதற்குள் அவன் இரண்டு முறை முழுகிவிட்டான். தூக்கிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். வேலூர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்தான். இரண்டு கண்ணும் இனித் திரும்பாது என்று டாக்டர் என்னிடம் நேராகவே சொன்னார். தை மாதம் நடக்க இருந்த அவன் கல்யாணத்தைப் பெண் வீட்டார் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

டாக்டர் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டாள். நான் கத்தியதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. குழிக்குள் இருந்த தம்பி அதைக் கேட்டானா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அந்தப் பயணம் முழுக்க நான் சுமந்த மூட்டை அதுதான், மற்றதெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

போன வருஷம் விஜயதசமியும், அல்லாசாமி பண்டிகை என்று நாங்கள் சொல்லும் மொகரமும் ஒரே வாரத்தில் வந்தன. ஆயுத பூஜைக்கு நான் டேனரிப் பக்கமே போகவில்லை. அடுத்த சில நாளில் காசிம் பாய் தானாகவே வந்து, பேரணாம்பட்டில் பஞ்சா எடுக்கிறார்கள், தம்பியைக் கூட்டிக்கொண்டு வா என்றார். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு பன்னிரண்டு மைல். பஸ் காலை ஏழு மணிக்கு, ஆளுக்கு ஆறணா. ரோடு மகா மோசம், முதுகு வலி உள்ளவர்கள் முன் பக்கம் உட்காருங்கள். பஸ் புறப்பட்ட பிறகு ஒருவர் ஓடி வந்து தொத்திக்கொண்டார். கண்டக்டர் அவரைப் பார்த்து, "இன்னா பெரியவரே, கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தேவராஜ் சிரித்துவிட்டான். விழுந்த நாளிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை, அதற்காகவே அந்தக் கண்டக்டரை நான் மன்னித்தேன்.

பேரணாம்பட்டில் தெருவில் கால் வைக்க இடமில்லை. வேண்டுதல் வைத்த இந்துக்கள் உப்பும் மிளகும் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், சர்பத் பானை பானையாக ஓடுகிறது, தமுக்குச் சத்தத்தில் காது அடைக்கிறது. பச்சைத் துணி கட்டின, கை உருவத்தில் செய்த பஞ்சா எங்களைத் தாண்டியபோது ஒரு பக்கிரி மயிலிறகால் தம்பியின் முகத்தைத் தடவி ஊதினார். தேவராஜ் முகத்தை அசைக்காமல் நின்றான். காசிம் பாய் என்னை ஒரு கடை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அன்னைக்கு நீ சொன்னே, நான் கேட்டுட்டேன்" என்றார். "கேட்டிருக்கக் கூடாதுப்பா. இன்னொருத்தர் சாமி விஷயம்னு கைய இழுத்துக்கினேன். தூக்கமே இல்ல, ரொம்ப பேஜாரா கீது."

"நீங்க இன்னா பண்ணுவீங்க பாய். தப்பு என்னுது."

"தம்பிகிட்ட சொல்லிட்டியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். மத்தியானம் மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்பினோம். பண்டிகை நாளில் அதை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்த பஸ், கவனம்.

தீபாவளிக்குக் குடியாத்தம், எங்கள் அக்கா வீடு. காலை ரயிலில் போனோம். ஸ்டேஷனிலிருந்து ஊர் மூன்று மைலாவது இருக்கும், ஜட்காக்காரன் பண்டிகை என்று எட்டணா கேட்டு ஆறணாவுக்குப் படிந்தான். அக்கா புருஷன் தறி போட்டிருக்கிறார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்புவரை தெருவெல்லாம் தறிச் சத்தம், பண்டிகையன்று அத்தனையும் நின்றுவிடும். தேவராஜுக்கு எண்ணெய் தேய்க்கும்போது அக்கா வேண்டுமென்றே அவன் முகத்தை விட்டுவிட்டுத் தலைக்கு மட்டும் தேய்த்தாள். புது லுங்கியைக் கையில் கொடுத்ததும் அவன், "இன்னா கலருக்கா?" என்று கேட்டான். லுங்கி நீலம். அக்கா, "பச்சைடா" என்றாள். அவனுக்குப் பச்சைதான் பிடிக்கும். அதைத் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றான். வெளியே யாரோ வெடி போட, அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையல் கட்டுக்குப் போய்விட்டாள். அந்தத் தீபாவளியைப் போல ஒரு நாள் என் விரோதிக்கும் வேண்டாம்.

கடைசியாகச் சோளிங்கர். பெரிய மலை நரசிம்மர் வருஷத்தில் பதினோரு மாதம் கண்மூடித் தவத்தில் இருக்கிறார், கார்த்திகையில் மட்டும் கண் திறக்கிறார் என்பது ஐதீகம். அம்மாவின் நம்பிக்கை முழுக்க இதன் மேல்தான். சாமி கண் திறக்கும்போது பிள்ளையின் கண்ணும் திறக்கும் என்று அவள் ஒரு வருஷமாக ஒரே பொழுது சாப்பிட்டாள். மூட்டு வலியால் அவளால் மலை ஏற முடியாது, எங்களை மட்டும் அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஆம்பூரில் பாசஞ்சர் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஒரு ரூபாய் ஒன்பது அணா. காட்பாடியில் இருபது நிமிஷம் நிற்கும், இட்லி அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். சோளிங்கர் ஸ்டேஷனில் ஒன்பதே காலுக்கு இறங்கினோம். ஊர் பக்கத்தில் இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், எட்டு மைல் பஸ், ஐந்தணா. அங்கிருந்து மலையடிவாரம் கொண்டபாளையம் இரண்டு மைல், ஜட்காவுக்கு ஆளுக்கு நாலணா. குளத்துக்குப் பக்கத்துச் சத்திரத்தில் இடம் கிடைத்தது. அந்தச் சத்திரத்தைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு மனசு வரவில்லை, ஆனால் சுத்தமாக இருந்தது.

அங்கே மனசு சரியில்லாதவர்களையும் தீராத நோய்க்காரர்களையும் கூட்டி வந்து ஒரு மண்டலம், இரண்டு மண்டலம் என்று தங்க வைக்கிறார்கள். தினமும் குளத்தில் முழுக்கு, பிறகு மலை. சாயந்திரம் முழுக்க தேவராஜ் சத்திரத்துச் சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். நல்ல வேளை, பையனுக்குப் பேச்சுத் துணை கிடைத்தது என்று நான் மடையன் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

ஞாயிறு விடிவதற்கு முன் குளத்தில் முழுக்குப் போட்டோம். தண்ணீரில் இறங்கும்போது அவன் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது, நகம் பதிந்துவிட்டது. பிறகு மலை. ஆயிரத்து முந்நூறுக்கு மேல் படி. நாலு பேர் தூக்கும் டோலி இருக்கிறது, அதில் போகலாமா என்று கேட்டேன்.

"கால் நல்லாத்தானே கீது? நடக்கறேன்" என்றான்.

ஒவ்வொரு படியையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினான். உயரமான படி வந்தால் நான் சொல்வேன், அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. முன்னாலும் பின்னாலும் கோவிந்தா கோஷம். தேங்காய்ப் பையைக் குரங்கு ஒன்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. இரண்டு மணி நேரம் ஏறி, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, சன்னதிக்கு முன்னால் எங்களுக்குக் கிடைத்தது பத்து எண்ணும் நேரம். பட்டர் கற்பூரத்தைக் காட்டினார்.

"சாமி கண்ணு தொறந்திருக்குதாண்ணா?" என்று காதோரம் கேட்டான்.

"தொறந்திருக்குதுடா."

"உன்னப் பாக்குதா?"

தீபாராதனையில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பட்டர் துளசியைக் கையில் திணித்தார், பின்னால் இருந்தவர்கள் எங்களைத் தள்ளினார்கள்.

இறங்கும் வழியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தோம். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேற்றைய பேச்சைத் தொடர்வது போலச் சொன்னான்.

"அன்னைக்கு மொத தபா முழுகி எழுந்தப்போ எனக்குக் கண்ணு தெரிஞ்சுதுண்ணா. எரிச்சல்தான், ஆனா தெரிஞ்சுது. பாய் செவுத்துப் பக்கம் கைய நீட்னாரு. நீ கத்தினே. அப்புறம் நீ கழிங்களத் தாண்டி ஓடினே. உன் முதுகுதான் நான் கடைசியா பாத்தது. அதுக்கப்புறம்தான் ரெண்டாந் தபா முழுகினேன்."

"ஏண்டா இத்தினி நாளா சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? நீ சோறு துண்ண மாட்டே. அம்மாவுக்குத் தெரிஞ்சா அதுவும் துண்ணாது."

நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். போகிற வருகிற ஜனம் பார்த்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. அவன் என் கையை மெதுவாக விலக்கினான், உதறவில்லை.

"உன்ன வையலண்ணா. உன் கையப் புடிச்சா எனக்கு அந்த முதுகு தெரியுது. வேற யார் கையப் புடிச்சாலும் தெரியல. நான் இங்கியே இருந்துக்கறேன். சத்திரத்துல கிணத்துல தண்ணி எறைச்சுக் குடுத்தா சோறு போடறேன்னு சமையல்காரரு சொல்லிட்டாரு. தோலு தூக்கின கைதானே."

கெஞ்சினேன், திட்டினேன், அம்மாவைச் சொல்லி அழுதேன். மிச்சப் படிகளை அவன் வேறு யாரோ ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நான் பின்னால் நடந்தேன், அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே.

மாலை ரயிலில் தனியாகத் திரும்பினேன். வாசலிலேயே அம்மா என் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒரு மண்டலம் தங்க வைத்திருக்கிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டேன். மண்டலம் முடிந்து போனபோது, இன்னொரு மண்டலம் என்றான். மூன்றாம் தடவை போனபோது, நான் வந்திருக்கிறேன் என்று சத்திரத்துக்காரர் போய்ச் சொல்லியும், கிணற்றடியிலிருந்து ராட்டினச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அம்மா இன்னும் ஒரே பொழுதுதான் சாப்பிடுகிறாள்.

போகிறவர்களுக்கு: கார்த்திகை ஞாயிறுகளில் கூட்டம் ஜாஸ்தி, முடிந்தால் வாரநாளில் போங்கள். சனிக்கிழமையே போய்த் தங்கினால்தான் ஞாயிறு வெயிலுக்கு முன் ஏறலாம். தேங்காய் பழத்தைத் துணிப்பையில் மறைத்து வயிற்றோடு கட்டிக்கொள்ளுங்கள். மலையில் குடிதண்ணீர் கம்மி, கூஜா அவசியம். இரண்டு பேருக்குப் போக வரச் செலவு பத்து ரூபாய்க்குள் அடங்கும். ஒருவர் மட்டும் திரும்பினால் இன்னும் குறையும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது சோளிங்கர் போகாதவர்களுக்கும். இந்த வருஷ ஆயுத பூஜைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எங்கள் டேனரியில் ஒரே ஒரு கழியைப் பூஜையில் வைக்காமல், பொட்டில்லாமல், குழி ஓரத்திலேயே சாத்தி வைக்க வேண்டும் என்று நேற்றுச் சொன்னேன். தொழிலாளிகள் அபசகுனம் என்று முகம் சுளித்தார்கள். காசிம் பாய் மட்டும் எழுந்து போய், கழிகளில் நல்ல கனமானதாக ஒன்றைப் பார்த்து எடுத்து, குழி ஓரத்தில் சாத்தினார். உங்கள் டேனரியிலும் ஒன்று வையுங்கள். எங்கள் தேவராஜுக்கு அது இரண்டு வருஷம் தாமதம்.