சுருக்கம் விழாத நெற்றி

'ஃப்ரவுன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அதன் முழு அர்த்தம் குவைத்தில் ஒரு வீட்டுக் குசினியில்தான் விளங்கியது. "இந்த வீட்டுக்குள் ஃப்ரவுன் கூடாது" என்று மேடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள். என்னோடு வேலை செய்த ஹைதராபாத் அக்காவுக்கு உருது மட்டும்தான் தெரியும். என்ன சொல்கிறாள் என்று என் கையைச் சுரண்டினாள்.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் எப்படிச் சொல்வது? இரண்டு புருவத்தையும் நெரித்து, நடுவில் விரலை வைத்துக் காட்டினேன். "கோபமா?" என்றாள். கோபம் மட்டுமில்லை, யோசித்தாலும் விழும், வெயில் கூசினாலும் விழும், தலை இடித்தாலும் விழும் என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். "நெற்றியில் மடிப்பு விழுவது என்போம் நாங்கள். அதற்குமா தடை? அப்போ வெங்காயத்தை மேடமே உரிக்கட்டும்."

சிரித்தாலும், முகம் சுருங்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். ஒருத்திக்கு முகம் மாறினால் மற்றவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டுவாள். அப்பா செத்த செய்தி வந்த அன்றும் விருந்தாளிகளுக்கு நான்தான் தேத்தண்ணீர் கொடுத்தேன். மேடத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு கெட்டிக்காரியாகிவிட்டிருந்தேன். அந்தக் கெட்டித்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் ஊரான தோட்டவெளிக்குத் திரும்பி வந்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான். தங்கச்சி வீட்டில் வளர்ந்த என் மகள் இனி என்னோடு இருக்கவேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். முதல் சில நாட்கள் வந்து படுத்தாள், விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி.

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து அவளுக்காக நண்டுக்கறி வைத்தேன். ஆசையாகச் சட்டியைத் தூக்கப் போனவள் கைதவறிப் போட்டுவிட்டாள். புதுத் தரையெல்லாம் குழம்பு. அவள் தரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அம்மா, கோவமோ?"

"இல்லையம்மா." துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

"உண்மையாவோ?"

"ஓம்."

அவள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டுத் தங்கச்சி ஓடி வந்தாள். "கண்ணை எங்க வச்சனீ? கொதிக்கிற குழம்பு காலில பட்டிருந்தா என்னடி செய்யிறது?" புருவத்தை நெரித்து, கண்ணை உருட்டி, கையை ஓங்கிக்கொண்டு வந்தவளை என் மகள் பாய்ந்து கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். ஓங்கிய கை அவள் தலையைத் தடவியது. நான் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மகள் தலையணையோடு வந்து நின்றாள்.

"நான் சின்னம்மா வீட்டை போறன்."

"ஏன் பிள்ளை?"

"சின்னம்மா ஏசினா, கோவம் எப்ப முடிஞ்சதெண்டு தெரியும். உங்கட முகத்தில ஒண்டும் தெரியுதில்லை. பயமாக் கிடக்கு."

போகாதே என்று கத்தவேண்டும் போலிருந்தது. "சரி, போங்கோ பிள்ளை" என்றேன். கிடுகு வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள் குனியுமுன் அவள் ஒருமுறை திரும்பி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். போகவேண்டாம் என்று அதில் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். பிறகு போய்விட்டாள்.